ஜாப் ஷெட்யூலர் லாகுக்கு எத்தனை ஜிபி கேட்பது? 20 போதும் என்கிறார்கள், எனக்கு நம்பிக்கை வரவில்லை

நைட்ஷிப்ட்_குமார் கேட்டது:

இத்தனை வருடமாக நாலைந்து சர்வர்களில் கிரானில் (குறித்த நேரத்தில் புரோகிராமை ஓட்டும் லினக்ஸ் வசதி) சிதறிக் கிடந்த ஜாப்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவரப் போகிறோம். அப்பாச்சி ஏர்ஃப்ளோ என்ற ஜாப் ஷெட்யூலர், 2 வரிசை. ஒரே ஒரு விஎம் (விர்ச்சுவல் மெஷின்), ஜாப் எல்லாம் அதிலேயே ஓடும் லோக்கல் எக்ஸிக்யூட்டர், டேட்டாபேஸான போஸ்ட்கிரஸும் அதே மெஷினில்தான். (பட்ஜெட் அவ்வளவுதான், அதற்காக யாரும் திட்ட வேண்டாம்.) இப்போது இன்ஃப்ரா டீம் "லாகுக்கு (ஜாப் ஓடும்போது எழுதும் பதிவுக்கு) எவ்வளவு இடம் வேண்டும், ஒரு எண் சொல்லுங்கள்" என்று பிடித்துக்கொண்டது.

மொத்தம் 1,200 ஜாப். அதில் 60 ஜாப் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும், 140 மணிக்கு ஒருமுறை, மீதி 1,000 ராத்திரியில் ஒரே தடவை. செட்டப் செய்து தரும் கம்பெனி அனுப்பிய எக்செலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 1,200 ஜாப் × 50 கேபி × 30 நாள் = 1.8 ஜிபி, பத்து மடங்குக்கு மேல் பாதுகாப்பு வைத்து 20 ஜிபி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த 50 கேபி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "இண்டஸ்ட்ரி ஆவரேஜ் சார்" என்கிறார்கள். அப்படி ஒரு ஆவரேஜ் உண்மையிலேயே உண்டா? நீங்கள் எல்லாம் எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்? ஃபார்முலா இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் எதை அளக்க வேண்டும் என்றாவது சொல்லுங்கள்.

பேட்ச்பாலா:

குமார், முதலில் அந்த எக்செலை மூடி வையுங்கள். 1,200 என்ற எண்ணுக்கும் உங்கள் டிஸ்குக்கும் சம்பந்தமே இல்லை. லாக் எழுதுவது ஜாப் அல்ல, ரன், அதாவது ஜாப் ஓடும் ஒவ்வொரு தடவையும். 60 ஜாப் 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 288 தடவை, அதுவே 17,280 ரன். 140 × 24 = 3,360. ராத்திரி ஜாப் 1,000. கூட்டினால் நாளுக்கு 21,640 ரன். அவர்கள் 1,200 என்று போட்ட இடத்தில் 21,640 வர வேண்டும், அதாவது பதினெட்டு மடங்கு. அவர்கள் வைத்த "பத்து மடங்கு பாதுகாப்பு" அங்கேயே காலி.

அடுத்து அந்த 50 கேபி. சராசரி என்று ஒன்றைப் போட்டு எல்லாவற்றோடும் பெருக்குவதுதான் இந்தக் கணக்கில் பெரிய கோளாறு. லாக் அளவு சீராகப் பரவியிருக்காது. 5 நிமிட ஜாப் பெரும்பாலும் "புது ஃபைல் வந்திருக்கிறதா, இல்லை, போகிறேன்" என்று நாலு வரி எழுதிவிட்டுப் போய்விடும், ஏர்ஃப்ளோ தானாகச் சேர்க்கும் வரிகளோடு சேர்த்தாலும் சில கேபிதான். அதே நேரத்தில் ராத்திரி ஜாபில் ஏதோ ஒரு புண்ணியவான் லூப்புக்குள் பிரிண்ட் வைத்திருப்பார். 20 லட்சம் ரோ, ரோவுக்கு ஒரு வரி, வரிக்கு 120 பைட் என்று வையுங்கள், ஒரு ரன்னுக்கு 240 எம்பி. அது தோற்றுப்போய் 3 ரீட்ரை (மறுமுயற்சி) ஓடினால், ஏர்ஃப்ளோ ஒவ்வொரு முயற்சிக்கும் தனி ஃபைல் எழுதும், ஆக நாலு ஃபைல், கிட்டத்தட்ட 1 ஜிபி. ஒரே ஜாப், ஒரே ராத்திரி.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். கிரான் லாக் இப்போது எங்கே போகிறதோ அங்கே போய் எந்த ஃபைல் எவ்வளவு இடம் எடுக்கிறது என்று காட்டும் டியூ கட்டளையை ஓட்டி, அளவு வாரியாக அடுக்கி, மேலே இருக்கும் இருபதை மட்டும் எடுங்கள். மாதக் கடைசி கட்டாயம் அதற்குள் வர வேண்டும், சாதாரண செவ்வாய்க்கிழமையை அளந்துவிட்டு அதை 30-ஆல் பெருக்கினால் 1-ஆம் தேதி ராத்திரி ஃபோன் வரும். பெரும்பாலான இடங்களில் மொத்த லாகில் பாதிக்கு மேல் பத்துக்கும் குறைவான ஜாப்களிலிருந்துதான் வரும். அவற்றை எழுதியவரிடம் போய் "ரோவுக்கு ஒரு வரி வேண்டாம், 10,000 ரோவுக்கு ஒரு வரி போடு" என்று சொல்லுங்கள். 20 லட்சம் வரி 200 வரியாகிவிடும். டிஸ்க் வாங்குவதை விட இது சீக்கிரம் நடக்கும், ஒரு டீ செலவோடு முடிந்துவிடும்.

சும்மா_ஒருத்தன்:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? டிஸ்க் என்ன தங்கமா? 500 ஜிபி கேளுங்கள், வேலை முடிந்தது. இந்தக் கணக்குப் போடும் நேரத்துக்கு உங்கள் சம்பளத்தைக் கணக்குப் போட்டாலே டிஸ்க் விலையைத் தாண்டும்.

ஐநோட்டு:

@சும்மா_ஒருத்தன் நீங்கள் சொல்லும் 500 ஜிபிக்கு பேக்கப் யார் எடுப்பது, ஸ்னாப்ஷாட்டுக்கு யார் பணம் கட்டுவது, டிஆர் சைட்டுக்கு (பேரிடர் கால மாற்று இடத்துக்கு) ரெப்ளிகேட் ஆனால் அது இரண்டாக ஆகாதா என்பதெல்லாம் இருக்கட்டும். ஜிபி மட்டும் பார்த்து வாங்கினால் இன்னொரு இடத்தில் மாட்டுவீர்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குமார், உங்கள் பிரச்சினை ஜிபி மட்டும் இல்லை, ஐநோட், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஃபைல்சிஸ்டம் ஒன்று வைக்கும் பதிவு. இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் உருவாக்கும்போது ஒன்றும் சொல்லாமல் விட்டால் 16 கேபிக்கு ஒரு ஐநோட் என்ற கணக்கில் ஒதுக்கும், பிறகு அந்த விகிதத்தை மாற்ற முடியாது. 100 ஜிபி பார்ட்டிஷன் என்றால் சுமார் 65.5 லட்சம் ஐநோட். இப்போது ஏர்ஃப்ளோ லாகை எப்படி அடுக்குகிறது என்று பாருங்கள்: டேக் (சேர்ந்து ஓடும் டாஸ்குகளின் தொகுப்பு) பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் டாஸ்குக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் முயற்சிக்கு ஒரு ஃபைல். ஒரே டாஸ்க் உள்ள 5 நிமிட டேக் ஒருமுறை ஓடினால் புதிதாக இரண்டு ஃபோல்டர், ஒரு ஃபைல், ஆக 3 ஐநோட். 17,280 × 3 = 51,840. மற்ற 4,360 ரன்னுக்கு டாஸ்க் ஃபோல்டரும் ஃபைலும் மட்டும் என்று குறைத்தே வைத்தாலும் 8,720. நாளுக்கு 60,560 ஐநோட்.

65.5 லட்சத்தை இதால் வகுத்தால் 108 நாள். 108-ஆம் நாள் "இடம் இல்லை" என்று எரர் வரும், டிஸ்கில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் இடம் காலியாக இருக்கும், எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டிஎஃப் கட்டளையை ஐ ஆப்ஷனோடு போட்டால்தான் விஷயம் தெரியும். இதை நான் பார்த்த இடங்களில் எல்லாம் முதல் அரை மணி நேரம் ஸ்டோரேஜ் டீமைத்தான் திட்டினார்கள்.

இன்னொன்று, 5 கேபி லாக் டிஸ்கில் 5 கேபி எடுக்காது. டிஸ்கில் இடம் ஒதுக்கும் அலகான பிளாக் 4 கேபி, ஆகவே அது 8 கேபி. ஃபோல்டர்கள் இரண்டுக்கும் தலா 4 கேபி. 5 கேபி எழுதியதற்கு 16 கேபி போய்விட்டது. ஃபைல் அளவுகளைக் கூட்டிப் போடும் கணக்கு இந்த மாதிரிக் குட்டி ஃபைல்களில் மூன்று மடங்கு தப்பாகும்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டம் போட்டால் ஐநோட் தேவைக்கேற்ப உருவாகும், இந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விடும். இஎக்ஸ்டி4-தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் உருவாக்கும்போதே ஐநோட் விகிதத்தைக் குறைத்துச் சொல்லிவிடுங்கள். அத்தோடு இஎக்ஸ்டி4 5 சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகி கணக்குக்கு) என்று ஒதுக்கி வைக்கும், 100 ஜிபி கேட்டால் உங்கள் கையில் கிடைப்பது 95-க்கும் கீழே.

நைட்ஷிப்ட்_குமார்:

ஐநோட் பற்றி யாருமே எங்கள் மீட்டிங்கில் வாயைத் திறக்கவில்லை. நன்றி. ஒரு சந்தேகம், பழைய லாகை எல்லாம் ஜிஜிப் பண்ணிச் சுருக்கி வைத்தால் பத்தில் ஒரு பங்காகிவிடும்தானே, அதைக் கணக்கில் சேர்க்கலாமா?

பேட்ச்பாலா:

டெக்ஸ்ட் லாக் நன்றாகவே சுருங்கும், ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவதால் பத்தில் ஒன்று சாதாரணம். ஆனால் ஏர்ஃப்ளோவில் டாஸ்க் லாகை அது இருக்கும் இடத்திலேயே சுருக்கினால் வெப் திரையில் அந்த லாகை ஒழுங்காகத் திறக்க முடியாது, மறுநாளே ஆப்ஸ் டீம் உங்கள் டெஸ்க்குக்கு வந்துவிடும். 5 கேபி ஃபைலை ஜிஜிப் பண்ணினால் ஒரு பிளாக்தான் மிச்சம், ஐநோட் ஒன்றுகூடக் குறையாது. குட்டி ஃபைல்களுக்கு ஒரே வழி, ஒரு நாள் முழுவதையும் ஒரே டாராக (பல ஃபைலை ஒன்றாக்கும் ஃபைல்) கட்டுவது. பெரிய ஃபைல்களை மட்டும் சுருக்கினால் பலன் உண்டு.

சுருக்கும் கணக்கில் இன்னொரு பள்ளம்: பழைய லாகைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டில், சுருக்குவதை ஒரு சுற்று தள்ளிப்போடும் டிலேகம்ப்ரஸ் போட்டிருந்தால் நேற்றைய லாகும் முழு அளவிலேயே இருக்கும், இன்றையதும் முழு அளவு. ஆக சுருங்காத இரண்டு நாள் எப்போதும் உண்டு. நகல் எடுத்தபின் மூல ஃபைலைக் காலி செய்யும் காப்பிட்ரங்கேட் போட்டிருந்தால் சுழலும் நேரத்தில் அதே ஃபைல் கொஞ்ச நேரம் இரண்டு பிரதியாக நிற்கும், 10 ஜிபி லாக் என்றால் அந்த நிமிடத்தில் 20 ஜிபி வேண்டும். எனவே 30 நாளையும் பத்தில் ஒன்றாகப் போடாதீர்கள்.

அப்புறம், ஜாப் லாகையே பேசிக்கொண்டிருக்கிறோம், ஷெட்யூலர் தானும் எழுதும். ஏர்ஃப்ளோ 2-இல் டேக் ஃபைல் ஒவ்வொன்றையும் 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பப் படிக்கும், இயல்பு நிலை அதுதான். ஃபைல் ஒன்றுக்கு நாளுக்கு 2,880 தடவை. படிக்கும் ஒவ்வொரு தடவையும் லாக் ஃபோல்டருக்குள் ஷெட்யூலர் என்ற ஃபோல்டரில் தேதி வாரியாக அது எழுதி வைக்கும். 150 டேக் ஃபைல் இருந்து, தடவைக்கு 1 கேபி என்று வைத்தால் நாளுக்கு 430 எம்பி. ஒரு ஜாபும் ஓடாத ஞாயிற்றுக்கிழமையிலும் இது ஓடும். 90 நாளில் 38 ஜிபியைத் தாண்டும், தானாக அழியாது. அந்த 30 விநாடியை 300 ஆக்கினால் பத்தில் ஒன்றாகிவிடும், உங்கள் டேக்கை யாரும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றப் போவதில்லை.

லினக்ஸின் சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டினால் அதே வரிகளில் சில அதன் பொது லாகான ஜர்னலுக்கும் போகும். ஜர்னல் தன் ஃபைல்சிஸ்டத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி என்று தானே எல்லை வைத்துக்கொள்ளும். அங்கிருந்து ஆர்சிஸ்லாக் என்ற இன்னொரு லாக் புரோகிராம் வழியாக வார்லாக் ஃபோல்டருக்கு இன்னொரு பிரதி போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிபிஏ_செல்வி:

லாக் ஃபைலைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், டேட்டாபேஸை யாரும் தொடவில்லை. நாளுக்கு 21,640 ரன் என்றால் டாஸ்க் இன்ஸ்டன்ஸ் டேபிளில் வருடத்துக்கு சுமார் 79 லட்சம் ரோ. அதோடு டேக் ரன், ஜாப், லாக் என்ற பெயரிலேயே ஒரு டேபிள், டாஸ்குகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் எக்ஸ்காம். எக்ஸ்காமில் யாராவது ஒரு முழு டேட்டா டேபிளையே (டேட்டாஃப்ரேம்) தூக்கிப் போட்டிருந்தால் தனிக் கதை.

ஏர்ஃப்ளோ 2.3-இலிருந்து டிபி கிளீன் என்ற கட்டளை இருக்கிறது, ஒரு தேதி கொடுத்தால் அதற்கு முந்தையதை அழிக்கும். நிறையப் பேர் இதில் ஒன்றைக் கவனிப்பதில்லை. அழிக்கும் ரோக்களை அது ஏர்ஃப்ளோ டெலீட்டட் என்று தொடங்கும் ஆர்கைவ் டேபிள்களில் நகல் எடுத்து அதே டேட்டாபேஸிலேயே வைத்துவிடும், ஸ்கிப் ஆர்கைவ் ஆப்ஷன் கொடுத்தால்தான் வைக்காது. வாராவாரம் கிளீன் ஓட்டுகிறோம், டேட்டாபேஸ் குறையவே இல்லை, ஏறுகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த டேபிள்களைத்தான்.

சரி, அழித்தாயிற்று என்று வையுங்கள். போஸ்ட்கிரஸில் டெலீட் செய்தால் இடம் ஓஎஸ்சுக்குத் திரும்பாது. ஆட்டோவேக்கம் என்ற தானியங்கித் துப்புரவு அந்த இடத்தை அதே டேபிளின் புது ரோக்களுக்குப் பயன்படும்படி விடுவிக்கும், அவ்வளவுதான். டிஎஃப்-இல் குறைய வேண்டும் என்றால் வேக்கம் ஃபுல் கட்டளை, ஆனால் அது டேபிளை முழுக்கப் பூட்டும், புதிதாக எழுதும் பிரதிக்கும் இடம் கேட்கும். டிஸ்க் 98 சதவீதத்தில் நிற்கும்போது அதை ஓட்ட நினைக்காதீர்கள்.

குமார் சார், எல்லாவற்றையும் விட முக்கியமானது, லாகும் போஸ்ட்கிரஸும் ஒரே பார்ட்டிஷனில் இருக்கவே கூடாது. லாக் நிரம்பி டபிள்யூஏஎல் (ஒவ்வொரு மாற்றத்தையும் போஸ்ட்கிரஸ் முதலில் எழுதும் பதிவு) எழுத இடமில்லை என்றால் போஸ்ட்கிரஸ் பேனிக் அடித்து நின்றுவிடும். அப்போது ஒரு ஜாபின் லாக் பிரச்சினை, 1,200 ஜாபும் நிற்கும் பிரச்சினையாகும். ஒரே விஎம் என்றாலும் பரவாயில்லை, எல்விஎம்மில் (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் லினக்ஸ் வசதி) தனி வால்யூம் பிரிப்பதற்குக் காசு கிடையாது.

சும்மா_ஒருத்தன்:

சரி சரி, 500 ஜிபி வாபஸ். ஆனால் என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் ஏதோ ஒரு ஜாப் ஒருநாள் ராத்திரி பைத்தியம் பிடித்து எழுதினால் எல்லாக் கணக்கும் போச்சு. அதை எப்படி எஸ்டிமேட் பண்ணுவீர்கள்?

மெயின்ஃப்ரேம்_தாத்தா:

தம்பி கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. பதில், அதை எஸ்டிமேட் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. எல்லை போட வேண்டும்.

ஒரு கணக்கு பாருங்கள். டேட்டாபேஸ் கனெக்ஷன் போய்விட்டது, ஸ்கிரிப்டில் காத்திருக்கும் வரி இல்லை, விநாடிக்கு ஆயிரம் தடவை முயற்சி செய்து ஒவ்வொரு தடவையும் 3 கேபி ஸ்டாக் ட்ரேஸ் (எரர் எங்கே வந்தது என்ற விவரம்) எழுதுகிறது. விநாடிக்கு 3 எம்பி, மணிக்கு 10.8 ஜிபி. ராத்திரி 11 மணிக்கு ஆரம்பித்து காலை 6 மணிக்கு ஒருவர் பார்த்தால் 75 ஜிபி. நீங்கள் 100 வைத்தாலும் 500 வைத்தாலும் அது நிரப்பத்தான் போகிறது, எப்போது என்பதுதான் வித்தியாசம்.

எங்கள் காலத்தில் ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் ஜாப்களை நிர்வகித்த ஜேஇஎஸ்2-வில் இதற்கு வழி இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஜாபின் தொடக்க வரியான ஜாப் கார்டிலேயே லைன்ஸ் என்று ஒரு பாராமீட்டர், 50 கமா கேன்சல் என்று போட்டால் 50 ஆயிரம் வரியைத் தாண்டும் ஜாபை சிஸ்டமே கேன்சல் செய்துவிடும், வார்னிங் என்று போட்டால் ஆபரேட்டருக்குச் சொல்லிவிட்டு விட்டுவிடும். ஜாப் வெளியீடு சேரும் ஸ்பூல் 80 சதவீதம் தாண்டினால் ஹாஸ்ப்050 என்று மெசேஜ் கன்சோலில் வந்து நிற்கும். ஸ்பூல் என்பது எல்லோருக்கும் பொதுவான கிணறு, ஒருவன் மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது என்பதை அந்த ஆட்கள் ஆரம்பத்திலேயே சட்டமாக்கிவிட்டார்கள். இப்போது வந்த ஷெட்யூலர்களில் பலவற்றில் அந்த ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது, அல்லது இருந்தும் யாரும் போடுவதில்லை.

உங்கள் எஸ்டிமேட்டில் "தோல்வி ராத்திரி" என்று ஒரு வரி சேருங்கள். அதில் ஊகத்தைப் போடாதீர்கள், ஜாபுக்கு இத்தனை எம்பிதான் என்று எல்லையை நீங்களே முடிவு செய்து, ஒரே ராத்திரியில் எத்தனை ஜாப் சேர்ந்து விழ வாய்ப்பிருக்கிறதோ அத்தனையால் பெருக்குங்கள். டேட்டாபேஸ் போனால் அதை நம்பியிருக்கும் எல்லா ஜாபும் சேர்ந்துதான் விழும், ஒன்றிரண்டு என்று நினைக்க வேண்டாம்.

ஐநோட்டு:

ஐயா சொல்வது முழுக்க உண்மை, ஆனால் ஏர்ஃப்ளோவில் அதைச் செய்வது அவ்வளவு எளிது இல்லை. பார்ட்டிஷன் அளவிலோ எக்ஸ்எஃப்எஸ் ப்ராஜெக்ட் கோட்டா (ஃபோல்டருக்கு இட வரம்பு) வழியாகவோ எல்லை போட்டால் ஒரு ஜாப் நிரப்பியதும் மற்ற எல்லா ஜாபுக்கும் லாக் எழுத இடமில்லை, லாக் எழுத முடியாத டாஸ்க் அதனாலேயே விழலாம். எல்லை ஜாபுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் வெளியீட்டை நேராக லாகுக்கு விடாமல் ஒரு சின்ன ரேப்பர் (இடையில் நிற்கும் ஸ்கிரிப்ட்) வழியாக விட்டு, இத்தனை எம்பிக்கு மேல் வந்தால் நடுவில் உள்ளதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதல் பகுதியையும் கடைசி ஆயிரம் வரியையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான எரர் கடைசி ஐம்பது வரியில்தான் இருக்கும், எதனால் ஆரம்பித்தது என்பது முதல் ஐம்பதில். பைத்தான் டாஸ்க் என்றால் ஒரே மெசேஜ் தொடர்ந்து வந்தால் வடிகட்டும் லாகிங் ஃபில்டர் ஒன்று, முப்பது வரிக்குள் எழுதிவிடலாம்.

பேட்ச்பாலா:

ஐநோட்டு சொன்ன ரேப்பர் நல்ல யோசனை, ஆனால் நடுப்பகுதியைத் தூக்கும்போது "இங்கே இத்தனை வரி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி கட்டாயம் விடுங்கள். இல்லையென்றால் ஆடிட்டில் லாகைத் திருத்தினீர்களா என்று கேட்பார்கள்.

ஆடிட் என்றதும் ஞாபகம் வந்தது, எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள் குமார். 30 நாள் என்று அந்த எக்செலில் யார் போட்டது? இந்தியாவில் செர்ட்-இன் (அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி ஐசிடி (தகவல், தொடர்புத் தொழில்நுட்ப) சிஸ்டங்களின் லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உங்கள் ஜாப் ஏதாவது கிரெடிட், டெபிட் கார்டு டேட்டாவைத் தொட்டால் அதற்கான பாதுகாப்பு விதியான பிசிஐ டிஎஸ்எஸ் வரும், அதில் ஆடிட் லாக் 12 மாதம், கடைசி 3 மாதம் உடனே எடுத்துப் பார்க்கும்படி. ஜாபின் ஸ்டாண்டர்ட் அவுட்புட் எல்லாம் இதற்குள் வருமா, யார் எப்போது எந்த ஜாபை ஓட்டினார், நிறுத்தினார் என்பது மட்டும் போதுமா என்பதை கம்ப்ளையன்ஸ் ஆட்களிடம் மெயிலில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். 30-க்கும் 180-க்கும் ஆறு மடங்கு, இந்த ஒரு பதில் உங்கள் மற்ற எல்லாக் கணக்கையும் விழுங்கிவிடும்.

180 நாளையும் அந்த விஎம் டிஸ்கிலேயே வைக்க வேண்டும் என்றும் இல்லை. பழையதை அமேசானின் எஸ்3 சேமிப்புக்கோ, அதே மாதிரி உங்கள் சர்வரிலேயே ஓடும் மினியோவுக்கோ தள்ளிவிடலாம், ஆனால் குட்டி ஃபைலாகவே தள்ளாதீர்கள். எஸ்3-இல் அடிக்கடி தொடாததற்கான ஐஏ வகுப்பில் ஒரு ஆப்ஜெக்ட் (ஃபைல்) எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குறைந்தது 128 கேபிக்குக் கட்டணம். 21,640 ஃபைல், 5 கேபி வீதம், உண்மையில் 108 எம்பி. பில் வருவது 2.7 ஜிபிக்கு. நாளுக்கு ஒரு டாராகக் கட்டிச் சுருக்கி அனுப்பினால் இந்தப் பிரச்சினை இல்லை.

டிபிஏ_செல்வி:

தள்ளுவதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள். கிரானில் ஓடிய பழைய ஸ்கிரிப்ட் பலவற்றில் கனெக்ஷன் ஸ்ட்ரிங்கை பாஸ்வேர்டோடு லாகில் எக்கோ செய்யும் பழக்கம் உண்டு. 180 நாள் பாஸ்வேர்டைப் பத்திரமாகக் காப்பகப்படுத்தியதாக ஆகிவிடும்.

நைட்ஷிப்ட்_குமார்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி அளந்து பார்த்தேன், பழைய கிரான் லாகையும் பைலட்டாக ஓடும் ஏர்ஃப்ளோவையும் சேர்த்து. 5 நிமிட ஜாப்கள் ஃபோல்டர் பிளாக்கோடு சேர்த்து நாளுக்கு 276 எம்பி. மணிக்கு ஒருமுறை ஓடுபவை சராசரி 40 கேபி, 134 எம்பி. ராத்திரி ஜாப் ஆயிரத்தில் 994 சேர்ந்து 200 எம்பிதான். மீதி ஆறு ஜாப் மட்டும் 1.9 ஜிபி! ஷெட்யூலர் 430 எம்பி. ஆக நாளுக்கு 3 ஜிபியை ஒட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆறே ஜாப். மாதக் கடைசி மூன்று நாள் மூன்று மடங்காகிறது, எனவே 30 நாளுக்கு 108 ஜிபி. அந்த 20 ஜிபி ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

ஆறில் நாலு ஜாபில் பிரிண்ட் வரிகளைக் குறைக்க டெவலப்பர்கள் ஒப்புக்கொண்டார்கள் (இரண்டு பேர் முறைத்துக்கொண்டே), ஷெட்யூலரையும் 300 விநாடிக்கு மாற்றினேன். இப்போது நாளுக்கு 1 ஜிபிக்குக் கொஞ்சம் கீழே, மாதக் கடைசியோடு 36 ஜிபி. தோல்வி ராத்திரிக்கு ஜாபுக்கு 200 எம்பி எல்லை வைத்து, வேர்ஹவுஸ் டேட்டாபேஸை நம்பியிருக்கும் 150 ஜாபும் சேர்ந்து விழுந்தால் 30 ஜிபி என்று போட்டேன். ஆக 66. தனி வால்யூம், எக்ஸ்எஃப்எஸ், 100 ஜிபி என்று கேட்டிருக்கிறேன். 30 நாளுக்கு மேற்பட்டது நாளுக்கு ஒரு டாராக மினியோவுக்குப் போகும், 180 நாள் என்று கம்ப்ளையன்ஸ் மெயிலில் எழுதிக் கொடுத்துவிட்டது. டேட்டாபேஸுக்குத் தனியாக 40.

மெயின்ஃப்ரேம்_தாத்தா:

150 ஜாபும் ரீட்ரை போட்டிருக்கிறதே தம்பி? 3 ரீட்ரை என்றால் 30 ஜிபி 120 ஆகிவிடும். எல்லையை முயற்சிக்கு வைத்தீர்களா, ரன்னுக்கு வைத்தீர்களா?

நைட்ஷிப்ட்_குமார்:

முயற்சிக்கு. அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை ஐயா. எல்லையை 50 எம்பி ஆக்கினால் நாலு முயற்சிக்கும் சேர்த்து மறுபடி 30-க்கே வந்துவிடும். 50 எம்பிக்கு மேல் நியாயமாக எழுதும் ஜாப் இரண்டுதான் மிச்சம் இருக்கிறது, அவற்றுக்கு மட்டும் தனி எல்லை கொடுத்துவிடுகிறேன்.

ஐநோட்டு:

அது சரியாக வரும். அலாரத்தை 70 சதவீதத்தில் வையுங்கள், 90-இல் வைத்தால் மணிக்கு 10 ஜிபி எழுதும் ஜாப் உங்களுக்கு ஒரு மணி நேரம்கூடத் தராது. நான்ஸ்டாப்பாக எழுதும் ஜாபின் லாக் ஃபைலை அது ஓடும்போதே அழித்துவிட்டு டிஎஃப் குறையவில்லை என்று பதறவும் வேண்டாம், பிராசஸ் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை இடம் திரும்பாது. திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் போட்டால் டெலீட்டட் என்று காட்டும். அந்த ஜாபை நிறுத்துங்கள், அல்லது அழிப்பதற்குப் பதில் ஃபைலைக் காலி செய்யுங்கள்.